எலிச்சாமிக்கு விரதம்

கூண்டுக்குள் கையை விட்டு அந்த அகழெலியைத் தூக்கியபோதே ஏதோ கோளாறு என்று செங்கமலத்துக்குத் தெரிந்துவிட்டது. அது உட்கார்ந்திருந்த தினுசே சரியில்லை. அகழெலி என்றால் கையில் நிற்காது. மண்வெட்டி மாதிரி இருக்கும் முன்னங்கால்களால் உள்ளங்கையைப் பிறாண்டும், இளஞ்சிவப்பு மூக்கை நாலாபக்கமும் நீட்டி மோந்து பார்க்கும், அசந்தால் கடிக்கும். இது ஒன்றும் செய்யவில்லை. கல்யாணப் பந்தியில் மூன்று தடவை சாம்பார் வாங்கிச் சாப்பிட்ட ஆள் போலத் தொந்தியைத் தள்ளிக்கொண்டு மல்லாந்து கிடந்தது.

"அடப்பாவி, உனக்கு எத்தன மாசம்?" என்றாள். ஆண் எலி என்று தெரிந்துதான் கேட்டாள்.

எலி கொட்டாவி விட்டது போல வாயை ஒருமுறை திறந்து மூடியது. வெளியே ஐப்பசி மழை மூன்றாவது நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. கருங்கல்மேடு எஸ்டேட்டின் தேயிலைச் சரிவு முழுக்கப் புகையாக மூடுபனி. இந்த நேரத்தில் இந்த எலி இப்படிக் கிடக்கலாமா?

அது இப்படிக் கிடந்தால் அவள் ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

பக்கத்து மலையில் ஒரு பெரிய மண்சரிவு நடந்து, பேச்சும் அழுகையும் அடங்கிய பிறகு, எல்லா மலைச்சரிவுகளிலும் கருவிகளைப் புதைத்தார்கள். கம்பிகளைக் காட்டுப்பன்றி கிழித்தது. மிச்சத்தில் தண்ணீர் இறங்கியது. இடி இடித்தாலே அலறின. மலை இறங்கியபோது சும்மா இருந்தன. கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து யோசித்தார். மண்ணுக்குள் கருவியைப் புதைப்பதற்குப் பதிலாக, மண்ணுக்குள்ளேயே குடியிருக்கிறவனைக் கேட்டால் என்ன?

அப்படி வந்தவைதான் இந்த அகழெலிகள். வடகிழக்கு மலைகளில் இருக்கும் இனத்தை எடுத்து, ஒன்றையொன்று கடித்துக் குதறாமல் கூட்டமாக வாழும்படி ஆய்வுக்கூடத்தில் மாற்றியிருந்தார்கள். கண் சுத்தமாகத் தெரியாது. ஆனால் அந்த மூக்கு இருக்கிறதே, மலைக்குள் பாறையும் மண்ணும் ஒன்றைவிட்டு ஒன்று மயிரிழை நகர்ந்தாலும் அதற்குத் தெரிந்துவிடும். தெரிந்ததும் மூட்டையைக் கட்டிவிடும். ஒவ்வொன்றின் காதுக்குப் பின்னாலும் அரிசி மணி அளவில் ஒரு சில்லு. சரிவில் நட்ட கம்பங்கள் அந்தச் சில்லுகளைக் கேட்டுக்கொண்டே இருக்கும். மூன்றில் இரண்டு பங்கு எலிகள் சரிவை விட்டு வெளியேறினால் தானாகச் சங்கு ஊதும். லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கிற சனம் வீட்டை அப்படியே போட்டுவிட்டு, ஓடைப் பாலத்தைத் தாண்டி அக்கரையில் இருக்கும் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய்விட வேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான்.

செங்கமலம் இதே எஸ்டேட்டின் கீழ்லயத்தில் பிறந்தவள். விலங்கியல் படித்து, அலைந்து திரிந்து, பிறந்த ஊரிலேயே எலிகளைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்கு வந்து சேர்ந்தாள். ஊரில் அவளுக்கு 'எலிக்காரம்மா' என்று பெயர். அதில் அவளுக்கு வருத்தமில்லை. சொந்தத் தங்கை கனகுவும் அப்படியே கூப்பிட ஆரம்பித்ததில்தான் வருத்தம்.

முதல் சங்கு நாலு வருடத்துக்கு முன்னால் ஊதியது. எல்லோரும் ஓடினார்கள். கீழ்லயத்தின் கடைசி வரிசை வீடுகள் அன்று மண்ணுக்குள் போயின. ஒரு கோழிகூடச் சாகவில்லை. சனம் அழுதுகொண்டே கும்பிட்டது. கும்பிட்டதோடு விடுமா? லயத்து முனையில் சாக்கடைக்கு மேற்கே ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, 'எலிச்சாமி' ஆக்கிவிட்டது. மருந்தடிக்கும் ட்ரோன் ஓட்டுகிற ராக்கப்பன்தான் பூசாரி. செங்கமலம் முதலில் சிரித்தாள். பிறகு அவளும் வெள்ளிக்கிழமைகளில் ஒரு கற்பூரம் கொளுத்திவிட்டுத்தான் போனாள்.

இரண்டாவது சங்கு போன வருடம் ஆவணியில், கனகுவின் கல்யாணத்தன்று ஊதியது.

பந்தல் அதே லயத்து முனையில் போட்டிருந்தது. தாலி தட்டில் சுற்றி வந்துகொண்டிருந்தது. சரியாக அந்த நேரத்தில் எலிகள் கிளம்பின. மாப்பிள்ளை வீட்டார் பட்டுச்சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு மழையில் ஓடினார்கள். பள்ளிக்கூடத்தில் விடிய விடிய ஈரத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். மலை அசையவே இல்லை. காலையில் மாப்பிள்ளையின் அத்தை எழுந்து, "தாலி கட்டுற நேரத்துல சங்கு ஊதுன வீடு, நமக்கு வேணாம்" என்றாள். வந்த வேனிலேயே திரும்பிப் போய்விட்டார்கள். மாப்பிள்ளை ஒருமுறை திரும்பிப் பார்த்தானாம். பார்த்து என்ன பிரயோசனம்?

அன்றிலிருந்து கனகு அவளை அக்கா என்று கூப்பிட்டதில்லை. அவளும் வெள்ளிக்கிழமைகளில் சாமி கல் பக்கம் போவதை விட்டுவிட்டாள். அன்றிலிருந்து எலிகளும் அசையவில்லை. ஒரு வருடத்துக்கு மேலாகத் எலிகள் இருக்கும் இடத்தைக் காட்டும் திரையில் ஒரே பச்சை. கோயம்புத்தூர் அலுவலகம் அவளைப் பாராட்டியது. கருங்கல்மேடு மாதிரி அமைதியான சரிவு கிடையாது என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னார்கள். அவளும் அதைக் கேட்டுக் கொஞ்சம் பூரித்துப் போனாள், அதுதான் உண்மை.

இன்று காலை ஒரு சில்லு சரியாகப் பேசவில்லை என்று அந்த எலியைப் பிடிக்க வந்தாள். பிடித்தால் கையில் கொழுக்கட்டை.

"ராக்கப்பண்ணே!"

சாமி கல்லுக்கு மேல் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்த ராக்கப்பன் திரும்பினான். "என்ன தங்கச்சி, புள்ளைக்கு உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒரு கொறையுமில்ல. நல்லா தின்னு தின்னு உருண்டு போயிருக்கு. இதுக்கு இங்க எவ்வளவு புழு கெடைக்கும்னு எனக்குத் தெரியும். இந்தச் செம்மண்ணுல ஒரு எலி ஒட்டிப்போய்தான் இருக்கணும். என்ன போடறீங்க இதுக்கு?"

"படையல்தான்."

"என்ன படையல்?"

"மொதல்ல பொங்கல் வச்சோம். சாமி தொடவே இல்ல, நாயி தின்னுட்டுப் போச்சு. அப்பறந்தான் மாட்டுச்சாணம், காப்பித்தோல், எலைக்கழிவு எல்லாம் போட்டு மக்க வச்சு, மண்புழு விட்டு… இந்தா பாரு." அவன் பெருமையாகக் கல்லுக்குப் பின்னால் இருந்த சாக்கை விலக்கினான். ஒரு வீட்டுத் திண்ணை அகலத்துக்குக் கருகருவென்று எருக்குழி. காலால் லேசாகக் கிளறினான். புழு கொழகொழவென்று நெளிந்தது. "வாராவாரம் வெள்ளிக்கெழம ஒவ்வொரு வீட்டுலேர்ந்தும் ஒரு வாளி. ஒரு வீடு பாக்கி இல்ல. சாமி எங்கயும் போறதில்ல பாத்தியா? நம்மளோடயே இருக்கு."

செங்கமலம் அப்படியே சாக்கடை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். சேலை நனைந்தது தெரியவில்லை.

"ஐயோ அண்ணே. எத்தன நாளா?"

"கனகு கல்யாணம் நின்னுச்சுல்ல, அதுக்கப்பறம்."

"புழு போடச் சொன்னது யாரு?"

ராக்கப்பன் தலையைச் சொறிந்தான். தார்ப்பாய்க் கயிற்றை இன்னொரு முடிச்சுப் போட்டான். "அது வந்து… நம்ம கனகுதான்."

அவள் எலியைக் கூண்டில் விட்டுக் கல்லுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் தள்ளிவைத்தாள். கோயம்புத்தூருக்குப் போன் போட்டாள். திட்ட அதிகாரி முபாரக் நல்ல மனிதர். கெட்ட மனிதராக இருந்திருந்தால் அவளுக்குச் சண்டை போடவாவது வசதியாக இருந்திருக்கும்.

"செங்கமலம், உங்க சரிவு பூராவும் பச்சையா இருக்கே. எதுக்குப் பதறுறீங்க?"

"சார், அது பச்சை இல்ல, சாப்பாடு. இங்க சனங்க புழு வளத்துப் போட்டிருக்காங்க. பந்தியில உக்காந்தவன் கூரை ஒழுகினா எந்திரிச்சு ஓடுவானா? பாயாசம் வரட்டும்னு பாப்பான். எலிங்க அப்படித்தான் உக்காந்திருக்குதுங்க. ஒரு வருசமா நாம பாத்துக்கிட்டிருந்தது மலைய இல்ல, பந்திய."

"அப்ப மலை எப்படி இருக்கு?"

"தெரியாது சார். அதான் பயமா இருக்கு. நான் கையால சங்கு ஊதிரட்டா?"

"ஊதலாம். உங்களுக்கு அதிகாரம் இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். போன வருசத்துக்கப்புறம் மேல ரொம்பக் கொதிச்சுப்போய் இருக்காங்க. இன்னொரு தடவ சும்மா ஊதினதா ஆச்சுன்னா திட்டத்த மூடிருவாங்க. மூடினா அந்த எலிங்கள மலையில விட்டுட்டு வர முடியாது. வெளியூர்ப் பிராணி. எல்லாத்தையும் கொன்னுதான் ஆகணும்." அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அதவிட முக்கியம், நீங்க ஊதினா சனங்க வருவாங்களா?"

அவள் எருக்குழியைப் பார்த்தாள். முபாரக்கே தொடர்ந்தார்.

"தீனிய எடுத்துட்டா எலிங்க உண்மையச் சொல்லுமா?"

"சொல்லும் சார். பசி எடுத்தா மூக்கு தானா வேலை செய்யும். சீக்கிரமே தெரிஞ்சிடும்."

"அப்ப எடுத்துருங்க. எருவ அள்ளக் கூடாதுன்னு எந்த விதியிலயும் இல்ல."

போனை வைத்தபோது கனகு வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் மழைக்குக் கட்டும் பிளாஸ்டிக் படங்கு, தலையில் சாக்கு, கையில் எரு வாளி. கொழுந்து வெட்டும் மெஷின் ஓட்டிவிட்டு அப்படியே வந்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ராக்கப்பனிடம் பேசினாள். "என்ன, எலிக்காரம்மா விசாரணைக்கு வந்திருக்காங்களா?"

"கனகு, எதுக்குடி இதச் செஞ்ச?"

"எல்லாரும் செய்யறதுதான். நன்றிக்கு."

"பொய் சொல்லாத."

கனகு வாளியைத் தொப்பென்று கீழே வைத்தாள். "ஆமா, பொய்தான். இந்த மலையில இனிமே சங்கு ஊதக் கூடாதுன்னுதான் செஞ்சேன். இன்னொருத்தி மணையில உக்காந்திருக்கறப்ப ஊதக் கூடாதுன்னு செஞ்சேன். நீங்கதானே சொன்னீங்க, அரை நாள் பட்டினி கெடந்தா இதுங்க செத்துரும், அதனால தீனி கெடைக்கற எடத்த லேசுல விடாதுன்னு? சொல்லிச் சொல்லிச் சிரிச்சீங்களே. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அதுங்க ஓடாட்டி சங்கு ஊதாது. சங்கு ஊதாட்டி மலை நின்னுருமாடி?"

"போன தடவ ஊதிச்சே, மலை வந்துச்சா? வரலையே! மலை வரல, என் வாழ்க்கைதான் சரிஞ்சுபோச்சு."

செங்கமலத்துக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது, வந்ததை மறைக்கவும் தோன்றவில்லை.

"ஒன்ன நான் நாசம் பண்ணிட்டேன்னு தெனமும் நெனச்சு நெனச்சு வேகறேன்டி. ஆனா இப்ப சொல்றதக் கேளு. இந்த மூணு நாள் மழைக்கு மலை எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியல. யாருக்கும் தெரியல. தெரிஞ்ச ஒரே ஆளுக்கும் நீ வாயில சோத்த அடச்சு வச்சிருக்க. ராத்திரியில இறங்கினா ஒரு சங்குச் சத்தமும் இருக்காது. எல்லாரும் தூங்கிக்கிட்டே போயிருவீங்க."

கனகு கீழ்லயத்தைத் திரும்பிப் பார்த்தாள். வரிசையாகத் தகரக் கூரைகள், புகை, யார் வீட்டிலோ கருவாடு பொரிக்கும் வாசனை. அவள் முகத்தில் இருந்த வீறாப்பு மெல்ல மெல்ல இறங்கியது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்து இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சங்கு ஊதினா ஒருத்தரும் வரமாட்டாங்க" என்றாள் கடைசியில். "நானே வந்திருக்க மாட்டேன்."

"அதான் எருவ அள்ளணும்ங்கறேன். பள்ளிக்கூடத்துப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டிட்டு, எலிங்க என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

"யாரக் கேட்டு அள்ளறது?" என்று குறுக்கே வந்தான் ராக்கப்பன். இவ்வளவு நேரம் சும்மா நின்றவன் இப்போது பூசாரியாகிவிட்டான். "வெள்ளிக்கெழமையும் அதுவுமா சாமி தட்டுலேர்ந்து படையல எடுப்பீங்களா? நல்லாருக்கே நாயம்! படையலு போகணும்னா சாமியும் கூடப் போகணும். சாமி பொறப்பட்டுச்சுன்னா எந்த வீட்டுலயும் ஆளு உக்காந்திருக்கக் கூடாது. வீட்டுக்கு ஒரு வெளக்கு, குஞ்சு குளுவான்லேர்ந்து எல்லாரும் பின்னால வரணும். அதுதான் மொறை."

அவன் இதைச் சாமிக்காகச் சொன்னானா, சனத்துக்காகச் சொன்னானா என்று செங்கமலத்துக்கு அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை. கேட்டால் அவன் சிரிப்பான்.

"அப்ப கெளப்புங்கண்ணே" என்றாள்.

தப்பு மேளச் சத்தம் கேட்டதும் கதவுகள் திறந்தன. மழையில் சாமி ஊர்வலமா என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. ஆனால் கல்லைப் பிடுங்கி ராக்கப்பன் தோளில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்த பிறகு யார் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பார்கள்? கொழுந்துக் கூடைகளில் எருவை அள்ளினார்கள். குழியின் அடிமண் தெரியும்வரை கனகுவே கடப்பாரை போட்டாள். எலிகள் வளைக்குள் சேர்த்துவைத்திருந்த புழு மொத்தமும் மண்ணோடு மண்ணாகக் கூடைக்கு வந்தது. மூன்று வீடுகள் மட்டும் அசையவில்லை. கனகு போய்க் கதவைத் தட்டினாள்.

"நான் என் கல்யாணத்தையே பாதியில விட்டுட்டு வந்தேன். ஒங்களுக்கு டிவி பெருசாப் போச்சா? எந்திரிங்க!"

எழுந்தார்கள்.

குடையும் படங்கும் பிளாஸ்டிக் தாளுமாக ஊர்வலம் ஓடைப் பாலத்தைத் தாண்டியது. கீழே ஓடை காப்பித்தண்ணி நிறத்தில் சுழித்துக்கொண்டு போனது. பள்ளிக்கூட மைதானத்து ஓரத்தில் எருவைக் கொட்டி, கல்லை வைத்து, ராக்கப்பன் சூடம் காட்டினான். வராண்டாவில் அடுப்பு மூட்டிப் பொங்கலுக்கு அரிசி களைந்தார்கள். செங்கமலம் ஒரு தூணில் சாய்ந்துகொண்டு போன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எலிகளைக் காட்டும் புள்ளிகள் எல்லாம் சரிவிலேயே இருந்தன. அசையவில்லை.

பொங்கல் பொங்கியது. புள்ளிகள் அசையவில்லை. வெளிச்சம் மங்க ஆரம்பித்தது. "கும்பிட்டாச்சு, திரும்பிரலாமே" என்று யாரோ ஆரம்பித்தார்கள். "மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்றார் இன்னொருவர். ராக்கப்பன் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு வர்ணிப்பைத் தொடங்கினான். எலிச்சாமி பிறந்த கதை, வளர்ந்த கதை, வடக்கேயிருந்து மலை மலையாகத் தாண்டி வந்த கதை. இதெல்லாம் இருக்கிறது என்று அதுவரை யாருக்கும் தெரியாது. அவனுக்கே தெரியாது என்றுதான் செங்கமலம் நினைத்தாள். சாமி பாட்டின் நடுவில் எழுந்து போனால் குற்றம் என்று எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எலிகள் அசையாவிட்டால் நல்லதுதானே என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். நான் ஒரு முட்டாள் என்று ஆகும், அவ்வளவுதானே. ஆகட்டும். மலை நிற்கட்டும்.

அப்போது ஒரு புள்ளி நகர்ந்தது. அடுத்தது. இன்னும் இரண்டு. பிறகு மொத்தக் கூட்டமும் சரிவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கிழக்குப் பாறைப் பக்கம் ஓடியது. எரு இருந்த திசையை ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. சாப்பாடு தேடிப் போகிற நடை அல்ல அது. உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஓட்டம்.

சங்கு தானாக ஊதியது. அக்கரையில், யாருமில்லாத லயத்தில், அது தன்பாட்டுக்கு அலறியது. ராக்கப்பனின் பாட்டு நின்றது.

"எல்லாரும் இருக்கீங்களா? அவங்கவங்க வீட்டு ஆளப் பாருங்க!" என்று செங்கமலம் கத்தினாள். தன் வீட்டு ஆளைத் தேடினாள். கனகுவைக் காணவில்லை.

"இப்பத்தான் பாலத்துப் பக்கம் போனா. எதையோ மறந்துட்டேன்னு சொன்னா" என்றாள் அடுப்படியில் நின்ற ஒருத்தி.

செங்கமலம் பாலத்தை நோக்கி ஓடினாள். ஓடிக்கொண்டே திரையைப் பார்த்தாள். சரிவு காலியாகிவிட்டது. ஒரே ஒரு புள்ளி மட்டும், சாமி கல் இருந்த இடத்தில், அணைந்து அணைந்து மின்னியது. காலையில் பிடித்த குண்டன். சில்லு பழுதான குண்டன். கூண்டோடு பிளாஸ்டிக் தாளுக்கடியில் தள்ளிவைத்தாளே! ஊர்வலம், எரு, மேளம் என்று எல்லாவற்றிலும் அதை மறந்தே போனாள்.

புள்ளி அணைந்தது. ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றுமில்லை. மீண்டும் எரிந்தபோது அது லயத்துக்குக் கீழே, பாதையில் இருந்தது. அடுத்த முறை எரிந்தபோது பாலத்தின் மேல் இருந்தது. அகழெலி பாலத்தில் நடக்காது.

"கனகூ!"

மூடுபனிக்குள்ளிருந்து படங்கு சலசலக்க ஓடிவந்தாள் கனகு. கையில் சாப்பாட்டுத் தூக்குவாளி. மூடிக்கும் வாளிக்கும் நடுவே காற்றுக்காக ஒரு குச்சி சொருகியிருந்தது. வந்த வேகத்தில் அக்காமேல் மோதினாள். செங்கமலம் அவளை இழுத்துக்கொண்டு கரையேறினாள்.

மலை இறங்கியது. பெரிய சத்தம் என்று சொல்ல முடியாது. லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி ஆரம்பித்து, நின்றுவிடும் நின்றுவிடும் என்று பார்த்தால் நிற்கவே இல்லை. மூடுபனிக்குள் தகரம் கிழிவது கேட்டது. சங்கு பாதியில் அறுந்தது. எல்லாம் முடிந்து பார்த்தபோது கீழ்லயம் இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு சரிவு மட்டும் இருந்தது. மைதானத்தில் சிலர் ஓவென்று அழுதார்கள். எத்தனை வருடத்துச் சாமான், கட்டில், போட்டோ, கோழி, மாடு. அழாமல் இருப்பார்களா? ஆனால் ஒவ்வொருவரும் அழுதுகொண்டே பக்கத்தில் இருந்தவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

கனகு தூக்குவாளியை நீட்டினாள். பல் தந்தியடித்தது. "எரு அள்ளறப்பவே கூண்டப் பாத்தேன். கூண்டுல போட்டுட்டு மறந்துட்டுப் போனா, அது எப்படி ஓடும்? பாவம்ல."

செங்கமலம் அவளை ஓங்கி ஒரு அறை விட்டாள். அப்புறம் கட்டிக்கொண்டாள்.

மழைக்காலம் முடிந்து, அக்கரையில் புது வீடுகளுக்கு அஸ்திவாரம் தோண்டிய நேரத்தில் முபாரக் வந்தார். எலிகள் பாறைப் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பி, பிழைத்த மேட்டில் புது வளை தோண்டியிருந்தன. குண்டனும் புதுச் சில்லோடு அவற்றில் ஒருவன். இளைத்துப் போயிருந்தான்.

"இனிமே தீனி போடக் கூடாதுன்னு ஒரு பலகை எழுதி வச்சிரலாமா?" என்று கேட்டார் முபாரக்.

"பலகைய எவன் சார் படிப்பான்?" என்றான் ராக்கப்பன். "நாங்க பேசி முடிச்சிட்டோம். கோடைக்கு மட்டும்தான் படையல். மொத மழை விழுந்தா சாமி விரதம். மழ ஓயற வரைக்கும் ஒரு புழு போடக் கூடாது. போட்டா தெய்வக் குத்தம்."

முபாரக் சிரிக்கவில்லை. மற்ற மலைகளுக்கும் இதையே சொல்லிவிடலாம் என்றார். அங்கெல்லாமும் யாராவது எதையாவது போட்டுக்கொண்டுதான் இருப்பார்கள் என்று அவருக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது.

அவரோடு மண்ணியல் படித்த ஒரு பெண்ணும் வந்திருந்தாள். சரிந்த இடத்தின் தலைமாட்டுக்கு ஏறிப்போய் ரொம்ப நேரம் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு கையை ஆட்டிக் கூப்பிட்டாள். செங்கமலம் போனாள். பின்னாலேயே கனகுவும் வந்தாள்.

"இதப் பாருங்க. இந்த மண்முகம் ரெண்டு நெறமா இருக்கா? கீழ இருக்கறது புதுசு, இந்த மழையில பிஞ்சது. மேல ஒரு மொழம் ஆழத்துக்குக் கறுத்துப்போய் இருக்கு பாருங்க, பாசி புடிச்சு, தேயிலை வேர் உள்ள எறங்கி வளந்திருக்கு. இது பழைய வெடிப்பு. ஒரு வருசத்துக்கு மேல ஆகுது. இங்கேருந்து அந்த மொனை வரைக்கும் ஓடுது."

"புரியல" என்றாள் கனகு.

"போன வருசம் ஒரு நாள் இந்த மலை மொத்தமா கெளம்பியிருக்குங்க. ஒரு சாண் எறங்கி, அடியில ஏதோ பாறை தடுத்து நின்னுருச்சு. செடி மறைச்சதால யார் கண்ணுக்கும் படல. அந்தப் பாறை மட்டும் கொஞ்சம் வழுக்கியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். போன வருச ஆவணி வாக்குல இங்க எதுவும் நடந்துச்சா?"

அந்த வெடிப்பு போய் முடிந்த முனையைக் கனகு பார்த்தாள். அதற்கு நேர் கீழேதான் பந்தல் போட்டிருந்தது. வாழைமரம், மேடை, மணை, நாற்பது நாற்காலியில் மாப்பிள்ளை வீட்டார்.

செங்கமலத்துக்கு ஒரு வருடம் முழுக்கத் தூக்கிச் சுமந்ததை யாரோ தோளிலிருந்து இறக்கிவைத்த மாதிரி இருந்தது. எலிகள் அன்றைக்கும் சரியாகத்தான் சொல்லியிருக்கின்றன.

மண்ணியல் பெண் அளவெடுக்கப் போய்விட்டாள். இரண்டு பேரும் அந்தக் கறுத்த மண்ணைப் பார்த்தபடி நின்றார்கள். காற்றில் புதுக்கொழுந்து வாசனை வந்தது.

"அப்ப அந்த அத்தை உசுரும் ஒன்னாலதான் பொழச்சிருக்கு" என்றாள் கனகு.

"போன் போட்டுச் சொல்லிரலாமா?"

கனகு யோசித்தாள். உதட்டைக் கடித்தாள். அப்புறம் பொங்கி வந்த சிரிப்பை அடக்க முடியாமல் படங்கால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"வேணாங்க்கா. பாயாசம் சாப்பிடாமப் போனாங்கல்ல, அது போதும்."